நாலாவது பாட்டில் ஒரு சங்கு

"நாலாவது பாட்டில் பாடகிக்குச் சுருதி போய்விடுகிறது. நல்ல வேளை, பியானோக்காரர் காப்பாற்றிவிடுகிறார்."

வானொலியில் நவமணி இதைச் சொன்னபோது நான் தேயிலைத் தூளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். கவனம் தப்பி, தூள் தராசுத் தட்டுக்கு வெளியே கொட்டியது. எடுத்ததைக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

எனக்கு வேலை தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியின் பரிசோதனை அறையில். இரசாயனம் படித்தவள். காய்ந்த தூளில் எவ்வளவு ஈரம் தங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் பெரும்பாலான நாட்களில் என் வேலை. யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. அதனாலேயே இந்த அறை எனக்குப் பிடிக்கும். பேசாமல் இருக்கும் நேரத்தில் ஜாஸ் கேட்பேன். என் அம்மாவுக்கு அது பாட்டாகவே தோன்றாது. "யாரோ வழி தப்பிப் போன மாதிரி இருக்கு" என்பார்.

நவமணி, கேஎல் என்று நாங்கள் சொல்லும் கோலாலம்பூரில் ஓர் இணைய வானொலி நடத்துகிறார். ஜாஸ் பற்றித் தமிழில் விளக்கிப் பேசுவார். நான் அவரிடம் நிறையக் கற்றிருக்கிறேன், அதை மறைக்கவில்லை. ஆண்டுக் கடைசியில் ஓர் இசை மாலை ஏற்பாடு செய்வார். அதில் மேடை கிடைத்தவர்களுக்குப் பிறகு வேறு மேடைகளும் கிடைத்துவிடும். அன்று அவர் ஒலிபரப்பியது எங்கள் தோட்டத்தில் பதிவான கச்சேரி. பாடியவர் தவமலர் அக்கா.

நவமணி அதோடு நிறுத்தவில்லை. "தோட்டத்துப் பெண். துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் காது இன்னும் பழகவில்லை. ஐமான் குழுவை இந்த ஆண்டு இசை மாலைக்கு அழைத்திருக்கிறோம். வேறொரு பாடகியோடு வருவார்கள் என்று எதிர்பார்க்கிறேன்" என்றார். பிறகு வேறு யாருடைய பாட்டோ வந்தது.

நான் வானொலியை நிறுத்தினேன்.

தோட்டத்துப் பெண்ணாம். மலரக்காவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஈப்போவில் ஒரு ஹோட்டலில் பல வருஷம் வாரக் கடைசிகளில் பாடியவர். சாப்பிட வந்தவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், இவர் பாடிக்கொண்டிருப்பார். ஹோட்டல் மூடிய பிறகு பூ வியாபாரத்துக்கு வந்தார். பக்கத்து ஊர் திரிங்காப்பில் செவ்வந்தி வாங்கிக் கட்டி, கீழே டவுன்களுக்கு அனுப்புகிறார். சொந்த வேன், சொந்தக் கொட்டகை, நாலு பேருக்குச் சம்பளம். எங்கள் தோட்டத் தொழிலாளர்களின் லயத்தில் பிறந்தார் என்பது உண்மை. அதற்காக, பாடுவது துணிச்சல் என்றால்? பியானோ வாசிக்கும் ஐமானின் அப்பா பக்கத்து டவுன் தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஐமானை யாரும் சாப்பாட்டுக் கடைப் பையன், துணிச்சலாக வாசிக்கிறான் என்று சொல்லவில்லை.

அதைவிட எரிச்சலான விஷயம் வேறு. நான் அந்தக் கச்சேரியில் இருந்தேன். நாலாவது பாட்டில் யாரும் யாரையும் காப்பாற்றவில்லை.

ஃபேக்டரிக்கு எதிரே, முன்பு துரைமார்களின் கிளப்பாக இருந்த கட்டடம் இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கான தேநீர்க்கூடம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அங்கே கச்சேரி நடந்தது. ஐமான் பியானோ. ஈப்போவிலிருந்து பாஸ் கிட்டாருக்கு ஒருவர், டிரம்ஸுக்கு ஒருவர். நான் கடைசி வரிசையில் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். நாலாவது பாட்டு மலரக்காவே எழுதியது. திரிங்காப்பில் பூ ஏற்றும் லோரியைத் தவற விட்ட ஒரு பூக்காரியின் பாட்டு.

கடைசி லோரியும் போயிருச்சு,
கையில பூ இருக்கு.

இவ்வளவுதான் பல்லவி. 'இருக்கு'வை அவர் நீட்டிக்கொண்டிருந்தபோது ஃபேக்டரிச் சங்கு ஊதியது. நாலு மணிச் சங்கு. வேலை முறை மாறுவதற்கு ஊதுவது.

சங்கு என்று சொன்னாலும் அது மோட்டார் வைத்த சைரன். உள்ளே ஒரு தட்டு சுழலும். வேகம் ஏற ஏறச் சத்தமும் ஏறும். முழு வேகத்தில் ஒரே சுருதியில் நிற்கும். மின்சாரத்தை நிறுத்தினால் தட்டு சட்டென்று நிற்காது. சுற்றிச் சுற்றி ஓயும். சத்தமும் அதோடு மெதுவாக இறங்கி, கடைசியில் முனகி அடங்கும். அது என் அறையின் கூரைமேல்தான் இருக்கிறது. எனக்கு அது மனப்பாடம்.

சங்கு ஏறியதும் ஐமான் பியானோவிலிருந்து கையை எடுத்தான். பாஸ் நின்றது. டிரம்ஸ்காரர் சிரித்தார். வெளியூர்க்காரர்கள் காதைப் பொத்தினார்கள். மலரக்கா மட்டும் நிறுத்தவில்லை. யாரோ கூப்பிட்டதைப்போலச் சன்னல் பக்கம் திரும்பினார். பாடிக்கொண்டிருந்த சுருதியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, சங்கின் சுருதியைப் பிடித்தார். அதன்மேல் அப்படியே நின்றார். எது சங்கு, எது குரல் என்று ஒரு கட்டத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு சங்கு இறங்கத் தொடங்கியது. அவரும் கூடவே இறங்கினார். படிப்படியாக அல்ல, ஈர மண்ணில் சறுக்கிக்கொண்டு வருவதுபோல. பாதி வழியில், பாட்டின் பழைய சுருதி வந்த இடத்தில், சங்கை விட்டுவிட்டார். பஸ்ஸிலிருந்து தன் நிறுத்தத்தில் இறங்கிக்கொள்வது மாதிரி. சங்கு முனகிக்கொண்டே கீழே போயிற்று. இவர் நிதானமாக, "லோரி போயிருச்சு" என்றார்.

கூடம் இரண்டுபட்டது. சிரிப்பு, விசில், கைதட்டல். வாசலில் நின்ற எங்கள் தோட்டத்து ஆட்கள்தான் அதிகம் கத்தினார்கள். அதற்குப் பிறகுதான் ஐமான் வாசிக்க ஆரம்பித்தான்.

ஒலிப்பதிவு ஒரு மாதம் கழித்து இணையத்தில் வந்தது. பெயர் 'ஐமான் குழு: தேநீர்க்கூடத்தில்'. கீழே சின்ன எழுத்தில் 'உடன்: தவமலர்'. நான் அதைக் கேட்டிருந்தேன், ஆனால் வேலைக்கு நடுவே, அரைகுறையாக. வானொலியில் நவமணி பேசிய பிறகுதான் நாலாவது பாட்டை ஒழுங்காகக் கேட்டேன்.

சங்கு இல்லை. சிரிப்பு இல்லை, விசில் இல்லை. சுற்றிலும் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் மலரக்கா தனியாகச் சுருதி மாறி மேலே போகிறார். அங்கே நிற்கிறார். பிறகு வழுக்கிக்கொண்டு கீழே வருகிறார். உடனே பியானோ வருகிறது. கேட்கிறவர்களுக்குக் கை கொடுத்துத் தூக்கியது போலத்தான் தெரியும். நவமணி தன் காதுக்குக் கிடைத்ததைச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு பாடகி திடீரென்று ஏன் அப்படிப் போகிறாள் என்று ஒரு நிமிடமாவது யோசித்திருக்கலாம் இல்லையா? வேறு யாராவது பெரிய பெயராக இருந்தால் யோசித்திருப்பார். புதுமை என்று சொல்லியிருப்பார்.

சாயங்காலம் மகேன் அண்ணனைத் தேடிப் போனேன். கச்சேரியைப் பதிவு செய்தவர் அவர்தான். சுற்றியுள்ள தோட்டங்களில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் மகேன் சவுண்ட்ஸ்தான். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோரில் ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மகேண்ணே, நாலாவது பாட்டுல சங்கு எங்க?"

அவர் முகம் மலர்ந்தது. "தெரியவே இல்லல்ல? எடுத்துட்டேன் லா. புது சாஃப்ட்வேர். சத்தமெல்லாம் ஸ்கிரீன்ல கோடா தெரியும், வேணாததைக் காட்டுனா போதும், அதுவே பிச்சு எடுத்துரும். சிரிப்பு, பேச்சு, விசில் எல்லாத்தையும் தூக்கிட்டேன். அந்த இருளப்பன் பய விசிலடிக்கிறான், நாய் ஓடுற மாதிரி."

"ஏண்ணே எடுத்தீங்க?"

"ஏனா? என்னா கேள்வி கங்கா இது? எத்தனை கல்யாணத்துல ஏச்சு வாங்கியிருக்கேன் தெரியுமா? கெட்டிமேளம் அடிக்கிறான், மாப்பிள்ளை தாலியைக் கையில எடுக்கிறான், சரியா அந்த நேரத்துக்கு ஊதும் பாரு ஊஊன்னு! பொண்ணு வீட்டுக்காரங்க என்னைத்தான் திட்டுவாங்க, என்னமோ நான்தான் ஊதுன மாதிரி. அதுலேர்ந்து எந்த ரெக்கார்டிங்னாலும் மொத வேலை சங்கைத் தேடித் தூக்குறதுதான். நாய் குலைக்கிறது, லோரி ஹார்ன், மழை, எல்லாம் போகும். அதுக்கப்புறம்தான் மத்தது. கேஎல் ஸ்டூடியோ மாதிரி இருக்குல்ல?"

"அக்கா அந்தச் சங்கோடதான் பாடுனாங்க."

"சங்கு ஊதும்போது பாடுனாங்க. அதான் பாவம், கெட்டுப் போயிருச்சு."

"கெடலை."

எனக்கு இதற்கு மேல் விளக்க வரவில்லை. நான் கோபப்பட்டால் இப்படித்தான், வார்த்தை வராது, கண்ணில் தண்ணீர் வரும். அதைப் பார்த்தவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் இன்னும் கோபம் வரும்.

"வெட்டாதது இருக்காண்ணே?"

"இருக்கு, இருக்கு. அழாத லா."

லேப்டாப்பைத் திறந்தார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி கேட்டார். ஹெட்போனைக் கழற்றித் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"நான் கேக்கவே இல்ல கங்கா" என்றார். "கோட்டைத்தான் பார்த்தேன். சங்கு எப்படி இருக்கும்னு கண்ணுக்கே தெரியும். பார்த்தேன், வெட்டிட்டேன்."

கச்சேரி நடந்தபோது இவர் அங்கேதான் இருந்தார். ஆனால் ஒலிபெருக்கி ஒன்று இரைச்சல் போட, வெளியே ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சங்கு காதில் விழுவதே இல்லை. விழுந்தாலும் அது நேரம், சத்தம் அல்ல.

"அப்ப இதை நெட்டுல போடுங்கண்ணே."

"ஐயோ, அது முடியாது." உடனே எழுந்துவிட்டார். "மகேன் சவுண்ட்ஸ்னு பேர் போட்டு, உள்ள சங்கு, விசில், தட்டு விழுற சத்தம்! இப்பதான் கேஎல்லேர்ந்து ரெண்டு ஆள் கூப்பிட்டிருக்கான். எனக்கு மாலு லா, வெக்கக்கேடு, பேரு போயிரும். உனக்கு வேணும்னா எடுத்துக்கோ. என் பேர் மட்டும் வேணாம்."

பதிவை என் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. திரிங்காப்பில் மலரக்காவின் கொட்டகைக்குப் போனேன். செவ்வந்திக் கட்டுகளுக்குத் தாள் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா, வா. காது பழகாத அக்காவைப் பார்க்க வந்தியா?" என்றார்.

"கேட்டீங்களாக்கா?"

"வேன்ல வரும்போது கேட்டேன். துணிச்சலாம்! இவனுக்குத் துணிச்சல் வேணும்னா ஈப்போ ஹோட்டல்ல சனிக்கிழமை ராத்திரி குடிச்சிட்டு உக்காந்திருக்கிறவன் முன்னாடி பாடச் சொல்லு." தாளை இழுத்துக் கிழித்தார். "ஆமா, அந்த மகேன் சங்கை என்னா பண்ணான்? தின்னுட்டானா?"

நடந்ததைச் சொன்னேன். வெட்டாத பதிவு என்னிடம் இருக்கிறது என்றும், அவரே நவமணியைக் கூப்பிட்டுச் சொன்னால் இசை மாலைக்கு அழைப்பு மாறும் என்றும் சொன்னேன்.

அவர் கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்தார்.

"கங்கா, பாடுனது நான். பாட்டு எழுதுனது நான். சங்கு ஊதுனப்ப மத்தவன் கையைத் தூக்கிட்டான், நான் தூக்கல. இப்ப சாட்சியும் நானே சொல்லணுமா? ஐயா, நான் நல்லாத்தான் பாடுனேன், கொஞ்சம் நம்புங்கன்னு?" குரல் உயர்ந்தது. பூக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பக்கத்துல பியானோவில உக்காந்திருந்தான்ல ஒருத்தன்? அவன் வாயில என்னா, ரொட்டி சானாயா? அவன் சொல்லட்டும்."

"உங்களுக்கு அந்த மேடை வேணும்தானேக்கா?"

விரலில் ஒட்டியிருந்த செவ்வந்தி இதழைத் தட்டிவிட்டார்.

"வேணும்" என்றார். "சாப்பாட்டுத் தட்டு இல்லாத கூட்டத்துக்கு முன்னாடி ஒரு தடவை பாடணும். ஆனா போய் நிக்க மாட்டேன்."

நான் தானா ராத்தாவுக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஐமானிடம் என்ன சொல்வது என்று மனத்துக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். பஸ்ஸில் மிக நன்றாகப் பேசினேன்.

ஐமானின் அப்பா கமருஸ்ஸமான் பாயின் கடையில் மத்தியானக் கூட்டம் குறைந்திருந்தது. கம்போங் ராஜாவிலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் லோரிக்காரர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். பாய் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். கல்லாவில் ஐமான். நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவன் பள்ளியிலேயே நன்றாகப் பேசுவான்.

"கங்கா! என்ன அதிசயம். ரேடியோ கேட்டியா? இசை மாலைக்குக் கூப்பிட்டுட்டாங்க."

"மலரக்காவைக் கூப்பிடலையே."

"ம்ம்." பில் கட்டையைச் சரி செய்தான். "நான் என்ன செய்யறது? நானா அப்படிச் சொன்னேன்? அவர் கேட்டதைச் சொல்லிட்டார். ஈப்போவில ஒரு பொண்ணு இருக்கு, நல்லாப் பாடும்."

"சங்கு ஊதுச்சுன்னு நீ சொல்லலாம்ல?"

"சொல்லி? ரேடியோவில போன பிறகு விளக்கம் கொடுத்துக்கிட்டு இருந்தா சின்னத்தனமா இருக்கும். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் லா. மலரக்கா ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

பஸ்ஸில் தயார் செய்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. நான் கைப்பேசியை எடுத்து நாலாவது பாட்டை ஓட விட்டேன். சத்தம் சின்னதாக வந்தது. ஐமான் கையை நீட்டினான். நான் பின்னால் நகர்ந்தேன்.

"என்னம்மா அது, பாட்டா?" என்றார் பாய். "கிசுகிசுன்னு கேக்குது. அந்த ஸ்பீக்கர்ல போடு, எல்லாரும் கேப்போம்."

சுவரில் இருந்த ஒலிபெருக்கியோடு என் கைப்பேசியை இணைத்தேன். ஐமான், "அத்தா, வேணாம்" என்றான். பாய்க்குக் கேட்கவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. லோரி என்ற சொல் வந்ததும் லோரிக்காரர்கள் சாப்பிடுவதை விட்டு நிமிர்ந்தார்கள். 'கையில பூ இருக்கு' வந்தது. சங்கு ஊதியது. காளிமுத்து என்ற வயதான டிரைவர் சட்டென்று தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு ஆயிருச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள், ஒலிபெருக்கியில் ஓர் ஆண் குரல் பதற்றத்தோடு, "ஸ்டாப், ஸ்டாப்!" என்றது. பியானோ நின்றது. மலரக்காவின் குரல் மட்டும் ஏறியது. சங்கைப் பிடித்தது. காளிமுத்து கடிகாரத்தின்மேல் வைத்த விரலை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். சங்கு இறங்கியது, குரலும் இறங்கியது, தன் இடத்தில் நின்றது. "லோரி போயிருச்சு." பதிவில் சிரிப்பு வெடித்த அதே கணத்தில் கடையிலும் வெடித்தது. எது தேநீர்க்கூடம், எது சாப்பாட்டுக் கடை என்று தெரியவில்லை.

"யாரு பாய் இந்தப் பொம்பள?" என்றார் காளிமுத்து. "சங்கையே கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துருச்சே!"

பாய் தேநீர்க் குவளையோடு நின்றுகொண்டிருந்தார். "அதுக்கு முன்னாடி ஸ்டாப் ஸ்டாப்னு கத்துனது யாரு?"

பாய் மகனைப் பார்த்தார்.

"அந்தச் சுருதி பியானோவிலேயே கிடையாது அத்தா" என்றான் ஐமான். "ரெண்டு கட்டைக்கு நடுவுல விழுது. நான் எதை வாசிச்சாலும் தப்பாத்தான் இருக்கும். அதான் நிறுத்தச் சொன்னேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவனுக்கு எல்லாமே தெரியும். மலரக்கா செய்தது எவ்வளவு கடினம் என்று அந்தக் கூடத்தில் மிகச் சரியாகத் தெரிந்திருந்தவன் இவன்தான். தெரிந்தும், காப்பாற்றியவன் என்ற பெயரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

"நீ கையை எடுத்துட்ட" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அவங்க எடுக்கல. ரேடியோவில காப்பாத்துனது நீன்னு சொல்றாங்க. நீ வாயை மூடிக்கிட்டு இன்னொரு பாடகி தேடுற. அவங்க காது பழகலையாம். உன் காதுக்கு என்ன ஆச்சு?"

கடை முழுக்க என்னைப் பார்த்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமல் நின்றேன்.

பாய் குவளையை வைத்துவிட்டு, கல்லாவில் கிடந்த ஐமானின் கைப்பேசியை எடுத்து அவன் முன்னால் வைத்தார். அவ்வளவுதான்.

ஐமான் பதிவை என்னிடமிருந்து வாங்கி நவமணிக்கு அனுப்பினான். பிறகு கூப்பிட்டான். பாய் அதை எல்லாருக்கும் கேட்கும்படி வைக்கச் சொன்னார். நவமணி மறுமுனையில் கேட்டு முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம். காளிமுத்து லோரியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

நவமணியின் குரல் வானொலியில் கேட்பதைப் போலவே பதமாக இருந்தது.

"சுவாரசியமாத்தான் இருக்கு ஐமான். ஆனா அந்தச் சைரன் ரொம்பத் தொந்தரவா இருக்கு. அது இல்லாத பதிவு ஒண்ணு கிடைக்குமா?"

ஐமான் என்னைப் பார்த்தான். கடையைப் பார்த்தான்.

"இருக்கு சார்" என்றான். "அதைத்தான் நீங்க ரேடியோவில போட்டீங்க."

நவமணி ஏதோ சொல்லத் தொடங்கினார், ஐமான் விடவில்லை.

"நான் அவங்களைக் காப்பாத்தல சார். பாதியில விட்டுட்டேன். அவங்க வந்தா நாங்க வர்றோம். இல்லன்னா வேற யாரையாச்சும் கூப்பிட்டுக்குங்க."

காளிமுத்து மேசையைத் தட்டினார்.

அந்த வாரமே நவமணியிடமிருந்து பதில் வந்தது. பாடகியும் வரட்டும், பரவாயில்லை என்று எழுதியிருந்தார். லோரிப் பாட்டு ஒன்று மட்டும் போதும், சங்குச் சத்தத்தை அவர்களே ஒலிபெருக்கியில் போட்டுத் தருவார்கள், கூட்டம் ரசிக்கும் என்றும் இருந்தது.

பரவாயில்லையாம்.

மலரக்கா அதைக் கேட்டு இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது. "என்னா நெனச்சிட்டு இருக்கான்? மணி அடிச்சா ஆடுறதுக்கு நான் என்னா சர்க்கஸ் கரடியா? சங்கு வந்துச்சு, பாடுனேன். வராட்டி வேற மாதிரி பாடியிருப்பேன். அது அன்னைக்கு. முடிஞ்சு போச்சு." என் பக்கம் திரும்பினார். "நீங்க எல்லாரும் சங்கு சங்குன்னு அடிச்சுக்கிறீங்க. அன்னைக்கு நல்லா வந்தது ரெண்டாவது பாட்டு. அதை ஒருத்தரும் கேக்கல. ஐமான்கிட்ட சொல்லு, ரெண்டாவதைப் பாடுறேன். பிடிச்சா சரி, இல்லன்னா எனக்கு அன்னைக்குப் பூ ஏத்துற வேலை இருக்கு."

இரண்டாவது பாட்டு எனக்குச் சரியாக நினைவில்லை. கச்சேரியில் அந்த நேரம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடைசி வரிசைக்குப் பாட்டு எட்டவில்லை. இணையத்தில் வந்த பதிவில் அது தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து கேட்டதால் நான் தாண்டிப் போய்விட்டேன்.

வேலைக்குத் திரும்பி, வெட்டாத பதிவில் இரண்டாவது பாட்டைப் போட்டேன்.

தகரக் கூரையில் மழை. மலரக்கா அதை மீறிப் பாட முயலவே இல்லை. மழைக்கு அடியில், பக்கத்தில் தூங்குகிற ஒருவரை எழுப்பாமல் பேசுவதுபோலப் பாடுகிறார். "பனியே, யாரு வீட்டுக்குப் போற?" ஒரே வரிதான். ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வி வேறாக இருக்கிறது. ஒரு தடவை வேடிக்கை, ஒரு தடவை பொறாமை. தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால், வர மனமில்லாமல் வருகிறது குரல். மழை வலுக்கும்போது மேலும் தாழ்கிறது. நாம்தான் காதைக் கிட்டே கொண்டு போக வேண்டியிருக்கிறது. மழை லேசாக விட்ட இடத்தில் "யாரு வீட்டுக்கு" என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறார். மிச்சத்தைச் சொல்லவில்லை. ஒருவரும் கைதட்டவில்லை. மழை மட்டும் கேட்கிறது. மகேன் அண்ணனின் மென்பொருள் மழையைப் பிய்த்து எடுத்தபோது, அதோடு கலந்திருந்த குரலில் பாதியும் போயிருக்கிறது. நாடெங்கும் கேட்டவர்கள் மிச்சப் பாதியைத்தான் கேட்டார்கள். கேட்டு, காது பழகவில்லை என்றார்கள்.

ஐமான் இரண்டாவது பாட்டைப் பற்றி எழுதி அனுப்பினான். சில நாள் இழுத்துவிட்டு நவமணி ஒத்துக்கொண்டார். இரண்டாவதும் உண்டு, அக்கா விரும்பும் இன்னொன்றும் உண்டு. சங்கு எஃபெக்ட் கிடையாது. அடுத்த நிகழ்ச்சியில் அவர் இதை அறிவித்தபோது, முன்பு ஒலிபரப்பான பதிவில் தொழில்நுட்பக் கோளாறு இருந்ததாகச் சொன்னார். தான் தப்பாகச் சொன்னதாகச் சொல்லவில்லை. தோட்டத்துப் பெண் என்று மட்டும் மறுபடியும் சொன்னார்.

வெட்டாத பதிவை முழுவதுமாக நானே இணையத்தில் ஏற்றினேன். மலரக்காவிடமும் ஐமானிடமும் கேட்டுக்கொண்டுதான். 'தவமலர்' என்று பெரிதாகப் போட்டேன். கீழே மற்றவர்கள். இரண்டு நாள் கழித்து மகேன் அண்ணன் ஃபேக்டரி வாசலில் நின்றார்.

"கங்கா, நெறைய பேர் கேக்குறாங்களாமே?"

"ஆமாண்ணே."

"ரெக்கார்டிங் யாருன்னு கேட்டா என்னா சொல்வே? என் பேரையும் போட்டுரு லா. சின்னதா."

போட்டேன். சின்னதாக.

அன்று மத்தியானம் பதிவுக்குக் கீழே யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: 'இரண்டாவது பாட்டு அருமை. மழைச் சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.'

நான் முன்பின் தெரியாதவர்களுக்குப் பதில் எழுதுகிறவள் இல்லை. தராசை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கூரைமேல் நாலு மணிச் சங்கு ஏறி, நின்று, முனகிக்கொண்டே இறங்கி அடங்கும்வரை காத்திருந்தேன்.

பிறகு, 'எடுக்க மாட்டோம்' என்று எழுதினேன்.